வேதி இயக்கவியலும் லேசர் முறைகளும்: இரண்டையும் ஒரே நோட்டில் படிப்பது எப்படி

இந்தப் பாடம் பெரும்பாலும் இரண்டு பாதிகளாகக் கற்பிக்கப்படுகிறது. முதல் பாதியில் மோதல், நிலையாற்றல் பரப்பு, கிளர்வுற்ற அணைவு. அடுத்த பாதியில் லேசர், துடிப்பு, நிறமாலை. மாணவர்களும் இரண்டு நோட்டுப் போட்டுத் தனித்தனியாகப் படிப்பார்கள். தேர்வில் “இந்த வினையின் விளைபொருள் எந்த அதிர்வு மட்டத்தில் பிறக்கிறது, அதை எப்படி அளப்பீர்கள்?” என்று கேட்டால் இரண்டு நோட்டிலும் விடை இருக்காது. ஒவ்வொரு லேசர் முறையும் இயக்கவியலில் எழுந்த ஏதோ ஒரு கேள்விக்காக உருவானது. அதனால் ஒரே நோட்டுப் போடுங்கள். இடப்பக்கம் மூலக்கூறு என்ன செய்கிறது என்று எழுதுங்கள். அதை எந்த ஒளியால், எவ்வளவு நேரத்துக்குள், எவ்வளவு ஆற்றல் துல்லியத்தோடு பார்க்கலாம் என்பதை வலப்பக்கம் எழுதுங்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

குவாண்டம் இயக்கவியலில் சீரிசை அலையியற்றி, கோண உந்தம், நேரம் சார்ந்த சிற்றலைவுக் கோட்பாடு ஆகிய மூன்றும் சரளமாக வரவேண்டும். புள்ளியியல் வெப்ப இயக்கவியலில் பிரிவினைச் சார்பை எழுதத் தெரிந்தால் போதும். ஈரணு மூலக்கூறின் சுழற்சி, அதிர்வு, மின்னணு நிறமாலை தெரியாமல் உள்ளே வந்தால் மூன்றாம் வாரத்திலேயே தடுமாறுவீர்கள். அதற்கு மட்டும் ஒரு வாரம் முழுதாக ஒதுக்கலாம்.

அடுத்து அலகுகள். இந்தத் துறையில் வேதியியலாளர் கிலோஜூல் என்பார், நிறமாலைக்காரர் செ.மீ⁻¹ என்பார், லேசர்க்காரர் நானோமீட்டர் என்பார், கணினியில் வேலை செய்பவர் ஹார்ட்ரி என்பார். ஒரே கணக்கில் நான்கும் வரும். இந்த எண்களை வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்துவிடுங்கள்: 1 எலக்ட்ரான் வோல்ட் என்பது 8065.5 செ.மீ⁻¹, அதாவது மோலுக்கு 96.485 கிலோஜூல். 1239.84-ஐ நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால் ஃபோட்டானின் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் வரும். 298 கெல்வினில் வெப்ப ஆற்றல் 207 செ.மீ⁻¹. ஒளி 1 ஃபெம்டோ வினாடியில் 0.3 மைக்ரோமீட்டர் போகும். 298 கெல்வினில் 1 டார் அழுத்தமுள்ள வாயுவில் ஒரு கன செ.மீ-க்கு 3.24 × 10¹⁶ மூலக்கூறுகள். இவை தெரிந்தால் பாதிக் கணக்குகளைக் கால்குலேட்டர் இல்லாமலே தோராயமாகப் போட்டுவிடலாம்.

வேக மாறிலியைப் பிரித்துப் பார்ப்பது

வினைவேகவியலில் படித்த வேக மாறிலி ஒரு சராசரி. வெவ்வேறு வேகத்திலும் வெவ்வேறு அதிர்வு, சுழற்சி மட்டங்களிலும் நடக்கும் மோதல்களையெல்லாம் ஒன்றாகக் கொட்டிக் கலக்கியபின் மிஞ்சும் ஒற்றை எண் அது. இயக்கவியல் அந்தக் கலவையைப் பிரிக்கிறது. எனவே வேக மாறிலி என்பது வினைக் குறுக்குவெட்டையும் (மோதல் வினையாக முடிவதற்கான இலக்குப் பரப்பு) சார்பு வேகத்தையும் பெருக்கி, போல்ட்ஸ்மன் பரவலின் மேல் சராசரி எடுத்தது என்ற தொடர்பை ஒருமுறையாவது கையால் வருவியுங்கள். மையங்களை இணைக்கும் கோட்டின் வழியே உள்ள ஆற்றல் ஒரு தடுப்பைத் தாண்டினால் வினை நடக்கும் என்ற எளிய மாதிரியை அதில் போட்டுப் பாருங்கள். அரீனியஸ் வரைபடத்திலிருந்து வரும் கிளர்வுறு ஆற்றல், தடுப்பின் உயரத்தைவிட அரை வாயு மாறிலி பெருக்கல் வெப்பநிலை அளவுக்குக் கூடுதலாக வரும். இரண்டும் ஒன்றே என்று எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் நிறையப் பேர்.

பிறகு நிலையாற்றல் பரப்பு, அதாவது அணுக்களின் இடைத்தூரங்கள் மாறும்போது நிலையாற்றல் எப்படி ஏறி இறங்குகிறது என்ற வரைபடம். ஐரிங்கும் மைக்கேல் போலனியும் 1931-இல் ஹைட்ரஜன் அணுவும் ஹைட்ரஜன் மூலக்கூறும் மோதும் வினைக்கு இப்படிப்பட்ட பரப்பை வரைந்தார்கள். அந்த வினையின் தடுப்பு சுமார் 0.42 எலக்ட்ரான் வோல்ட். பரப்பைப் படம் பார்த்துப் படித்தால் மனதில் நிற்காது. வரைபடத் தாளில் சம ஆற்றல் கோடுகளைக் கையால் போட்டு, அதன் மேல் ஒரு பந்து உருள்வதாக நினைத்துப் பாதையை வரையுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சாதாரண அச்சுகளில் வரைந்த பரப்பில் பந்தை உருட்டக் கூடாது. நிறைகளுக்கேற்ப அச்சுகளுக்கு இடையிலான கோணத்தைச் சாய்க்க வேண்டும். முதல், மூன்றாம் அணுக்களின் நிறைகளைப் பெருக்கி, அதை அடுத்தடுத்த இணைகளின் நிறைக் கூட்டுத்தொகைகளின் பெருக்கத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் சாய்கோணத்தின் கொசைன் வரும். மூன்றும் ஹைட்ரஜன் என்றால் கோணம் 60 பாகை. அயோடின் அணுவும் ஹைட்ரஜன் அயோடைடும் என்றால் 7 பாகைதான். அவ்வளவு ஒடுங்கிய பள்ளத்தாக்கில் பாதை சுவருக்குச் சுவர் பலமுறை மோதிக்கொண்டே போகும். நடுவில் உள்ள லேசான ஹைட்ரஜன் இரண்டு அயோடின்களுக்கு இடையே பந்தாடப்படுவது படத்திலேயே தெரியும். இந்த ஒரு பயிற்சி பத்துப் பக்கக் குறிப்புக்குச் சமம்.

ஜான் போலனியின் விதிகள் இதிலிருந்து இயல்பாகவே வரும். தடுப்பு நுழைவுப் பள்ளத்தாக்கில் முன்கூட்டியே இருந்தால் அதைத் தாண்ட இடப்பெயர்ச்சி ஆற்றல் உதவும்; விளைபொருள் அதிர்வோடு வெளியே வரும். தடுப்பு வெளியேறும் பக்கம் தள்ளி இருந்தால் வினைபடு மூலக்கூறின் அதிர்வு ஆற்றலே பயன்படும். ஃபுளூரின் அணுவும் ஹைட்ரஜன் மூலக்கூறும் சேரும் வினை முதல் வகை. ஹைட்ரஜன் ஃபுளூரைடு பெரும்பாலும் இரண்டாம் அதிர்வு மட்டத்தில் பிறக்கிறது. கீழ்மட்டங்களைவிட மேல்மட்டத்தில் கூட்டம் அதிகம். லேசருக்குத் தேவையான நிலையை வினையே தயாரித்துக் கொடுத்துவிடுகிறது, ஹைட்ரஜன் ஃபுளூரைடு வேதி லேசர் அப்படித்தான் ஓடுகிறது. உங்கள் நோட்டின் இரண்டு பக்கமும் முதன்முதலில் சந்திக்கும் இடம் இது.

ஈட்டி எறிதல் வழிமுறையையும் இதே மூச்சில் முடித்துவிடுங்கள். கார உலோக அணு தன் எலக்ட்ரானைத் தொலைவிலிருந்தே ஹாலஜன் மீது வீசுகிறது. பிறகு கூலும் ஈர்ப்பு இரண்டையும் இழுத்துச் சேர்க்கிறது. எவ்வளவு தொலைவிலிருந்து? அயனியாக்க ஆற்றலிலிருந்து எலக்ட்ரான் நாட்டத்தைக் கழித்து (இரண்டும் எலக்ட்ரான் வோல்ட்டில்), அந்த எண்ணால் 14.4-ஐ வகுத்தால் தொலைவு ஆங்ஸ்ட்ராமில் கிடைக்கும். சோடியத்துக்கு 5.14, அயோடினுக்கு 3.06. விடை 6.9 ஆங்ஸ்ட்ராம். இந்த எண்ணை வட்டமிட்டு வையுங்கள், பின்னால் ஃபெம்டோ வினாடிப் பகுதியில் மறுபடி வரும்.

ஒரு பாதைக் கணிப்பு நிரலை நீங்களே எழுதுங்கள்

பாடப்புத்தகத்தை மூன்று முறை படிப்பதைவிட, இருநூறு வரியில் ஒரு நிரல் எழுதுவது மேல். ஹைட்ரஜன் வினைக்கு லெப்ஸ் என்று சொல்லப்படும் எளிய பரப்பை எடுத்துக்கொள்ளுங்கள். விசையைப் பரப்பின் சரிவிலிருந்து கணக்கிட்டு, நியூட்டன் சமன்பாட்டை வெர்லே முறையில் நகர்த்துங்கள். ஹைட்ரஜன் மூலக்கூறு ஒருமுறை அதிர 7.6 ஃபெம்டோ வினாடி ஆகும். எனவே நேர அடி 0.1 ஃபெம்டோ வினாடியைத் தாண்டக் கூடாது. 1 ஃபெம்டோ வினாடி வைத்தால் மொத்த ஆற்றல் கண்ணெதிரே விலகும். ஒவ்வொரு பாதையிலும் தொடக்க ஆற்றலையும் இறுதி ஆற்றலையும் ஒப்பிட்டு அச்சிடும்படி நிரலில் ஒரு வரி சேருங்கள். விலகல் பத்தாயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்தப் பாதையைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அடியைக் குறையுங்கள்.

நிரல் சரியாக ஓடியும் விடை தப்பாக வருவதற்கு முதல் காரணம் மோதும் இரண்டின் பாதைகளுக்கும் இடையே உள்ள பக்கவாட்டு விலகலைத் தேர்ந்தெடுக்கும் முறை. 0-க்கும் 1-க்கும் இடையில் ஒரு தற்செயல் எண் எடுத்து, உச்ச விலகலால் நேரே பெருக்கிவிடுவார்கள். அப்படிச் செய்தால் நேர்மோதல்கள் அளவுக்கு மீறி எண்ணப்பட்டுக் குறுக்குவெட்டு பெரிதாகிவிடும். தற்செயல் எண்ணின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். ஒரு வளையத்தின் பரப்பு ஆரத்தோடு சேர்ந்து கூடுவதே காரணம். 10,000 பாதைகளில் 400 வினையாக முடிந்தால் குறுக்குவெட்டின் புள்ளியியல் பிழை சுமார் 5 விழுக்காடு. பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு பாதைகள் வேண்டும்.

இன்னொரு குறையை நிரலால் சரிசெய்ய முடியாது. மரபு இயக்கவியலுக்குச் சுழிப்புள்ளி ஆற்றல் என்றால் என்னவென்று தெரியாது. மூலக்கூறின் அடிமட்ட அதிர்வு ஆற்றலைக்கூடத் தடுப்பைத் தாண்டச் செலவழித்துவிடும். தடுப்புக்கு அருகிலான ஆற்றல்களில் உங்கள் விடையை நம்பாதீர்கள். அங்கே சுரங்கப் பாய்வும் சேர்ந்து குழப்பும்.

அடுத்த நிரல் அலைப்பொதி, அதாவது அணுக்களைப் பந்தாக அல்லாமல் குவாண்டம் அலையாக நகர்த்துவது. சோடியம் அயோடைடை ஒற்றைப் பரிமாணத்தில் எடுத்து, இயக்க ஆற்றலையும் நிலையாற்றலையும் மாற்றி மாற்றிச் செலுத்தும் பிளப்பு முறையில் நகர்த்துங்கள். கட்டங்களின் இடைவெளி, (அணு அலகுகளில்) π-ஐ உச்ச உந்தத்தால் வகுத்த அளவுக்கு மேல் போகக் கூடாது. சோடியம் அயோடைடின் குறைத்த நிறை 19.46 அணு நிறை அலகு. உச்ச இயக்க ஆற்றலை 2 எலக்ட்ரான் வோல்ட் என்று வைத்தால் இடைவெளி 0.023 ஆங்ஸ்ட்ராம் வரும். 2 முதல் 15 ஆங்ஸ்ட்ராம் வரை பரப்ப 565 புள்ளிகள் போதும், இரண்டின் அடுக்காக 1024 வைத்துக்கொள்ளலாம். இடைவெளியை அகலமாக்கினால் வேகமான அலைப்பொதி பின்னோக்கி ஓடுவது போன்ற வினோதக் காட்சி திரையில் தெரியும். இயற்பியல் புதுமை எதையோ கண்டுபிடித்துவிட்டதாகச் சிலர் அதைப் பார்த்து மகிழ்வதுண்டு! கட்டத்தின் ஓரத்தில் உறிஞ்சும் நிலையாற்றலையும் மறக்காமல் வையுங்கள். இல்லாவிட்டால் பிரிந்துபோன அணுக்கள் சுவரில் மோதித் திரும்பி வரும்.

லேசரில் எதை ஆழமாகப் படிப்பது

எல்லா லேசர்களின் பட்டியலையும் படிக்க நேரம் செலவிட வேண்டாம். ஐன்ஸ்டைன் குணகங்கள், இரண்டு மட்ட அமைப்பால் ஏன் பெருக்கம் கிடைக்காது, 1960-இல் மேமன் இயக்கிய ரூபி லேசரின் மூன்று மட்டம், நியோடிமியம் யாக்கின் நான்கு மட்டம் ஆகியவை ஒரு மாலை வேலை. நினைவில் வைக்க வேண்டிய அலைநீளங்கள் சில: நியோடிமியம் யாக் 1064 நானோமீட்டர், அதன் மடங்குகள் 532, 355, 266, எக்சைமர் எனப்படும் வாயு லேசர்களில் ஆர்கான் ஃபுளூரைடு 193, கிரிப்டான் ஃபுளூரைடு 248, செனான் குளோரைடு 308, டைட்டானியம் சஃபயர் 800-ஐச் சுற்றி.

ஆழமாகப் படிக்க வேண்டியது நேரத்துக்கும் நிறப்பட்டைக்கும் இடையிலான பேரம். காசியன் துடிப்பின் நேர அகலத்தையும் அதிர்வெண் அகலத்தையும் பெருக்கினால் 0.441-க்குக் கீழே போகாது. 100 ஃபெம்டோ வினாடித் துடிப்பின் அகலம் குறைந்தது 147 செ.மீ⁻¹. அதை வைத்துக்கொண்டு நைட்ரிக் ஆக்சைடின் ஒற்றைச் சுழற்சி மட்டத்தைத் தேர்ந்தெடுக்கப் போகிறேன் என்று யாராவது எழுதினால் அந்த இடத்திலேயே கேள்வி கேட்கலாம். 5 நானோ வினாடித் துடிப்பின் கொள்கை எல்லை 0.003 செ.மீ⁻¹ மட்டுமே. ஆனால் 300 கெல்வினில் 226 நானோமீட்டர் அருகே நைட்ரிக் ஆக்சைடின் டாப்ளர் அகலமே 0.1 செ.மீ⁻¹ இருக்கும். எனவே அதைவிடக் குறுகிய லேசருக்குச் செலவழிப்பதற்கு முன் மூலக்கூறைக் குளிர வையுங்கள். மீயொலி வேக வாயுத் தாரையில் சுழற்சி வெப்பநிலை சில கெல்வினுக்கு இறங்கிவிடும்.

ஒரே மூலக்கூறு, எல்லா முறைகளும்

ஒளிர்வு, அயனியாக்கம், உறிஞ்சல், படமெடுப்பு என்று முறைகளைத் தனித்தனியாகப் படிப்பதற்குப் பதிலாக, நைட்ரஜன் டைஆக்சைடை 355 நானோமீட்டரில் உடைப்பதை எடுத்துக்கொண்டு எல்லா முறைகளையும் அதன்மேல் போடுங்கள். பிணைப்பு உடையத் தேவை 25,128 செ.மீ⁻¹, அதாவது 398 நானோமீட்டர். 355 நானோமீட்டர் ஃபோட்டானில் இருப்பது 28,169. மீதி 3040 செ.மீ⁻¹, மோலுக்கு 36.4 கிலோஜூல். இது நைட்ரிக் ஆக்சைடுக்கும் ஆக்சிஜன் அணுவுக்கும் இடையே எப்படிப் பிரிகிறது என்பதுதான் கேள்வி.

நைட்ரிக் ஆக்சைடு உள்ளே எதையும் வைத்துக்கொள்ளாவிட்டால், உந்த அழிவின்மைப்படி ஆக்சிஜன் அணுவுக்கு 46-இல் 30 பங்கு போகும், மோலுக்கு 23.7 கிலோஜூல். வேகம் வினாடிக்கு 1720 மீட்டர். நைட்ரிக் ஆக்சைடு முதல் அதிர்வு மட்டத்தில் பிறந்தால் 1876 செ.மீ⁻¹ அதற்கே போய்விடும். மிஞ்சும் 1164-இல் ஆக்சிஜனின் வேகம் 1065 மீட்டர். இரண்டாம் மட்டத்துக்கு ஆற்றல் போதாது. ஆக, திசைவேகப் படமெடுப்பில் (துண்டுகள் தம் வேகத்துக்கேற்ற ஆரத்தில் திரையில் விழும் முறை) ஆக்சிஜனுக்கு இரண்டு வளையங்களை எதிர்பார்க்கலாம். ஆரங்களின் விகிதம் சுமார் 1.6. இரண்டும் கூர்மையாக இருக்காது. நைட்ரிக் ஆக்சைடின் சுழற்சியும், ஆக்சிஜன் அணுவின் 0, 158, 227 செ.மீ⁻¹ என்ற மூன்று உள்மட்டங்களும் வளையத்தைத் தடிமனாக்கும்.

இனி எப்படிப் பார்ப்பது? 226 நானோமீட்டரில் இரண்டு ஃபோட்டான்களால் நைட்ரிக் ஆக்சைடை ஒத்ததிர்வு அயனியாக்கம் செய்யலாம். முதல் ஃபோட்டான் கிளர்வு மட்டத்துக்கு ஏற்றும், இரண்டாவது எலக்ட்ரானைப் பிடுங்கும். ஆக்சிஜன் அணுவுக்கும் ஏறத்தாழ இதே அலைநீளம்தான், ஆனால் மூன்று ஃபோட்டான் வேண்டும். நிறை 16, 30 என்று வேறுபடுவதால் பறக்கும் நேரத்தைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளலாம். இங்கேதான் முதல் சோதனையில் எல்லாரும் விழுவார்கள். 226 நானோமீட்டர் ஒளி தானே நைட்ரஜன் டைஆக்சைடை உடைக்கும். அப்போது மீதி ஆற்றல் பல மடங்கு அதிகம் என்பதால் வெளிவட்டத்தில் பெரிய வளையங்கள் வரும். 355 ஒளி இருக்கும் படம், இல்லாத படம் இரண்டையும் மாற்றி மாற்றி எடுத்துக் கழிப்பதுதான் வழி. வாயுப் புட்டியில் நைட்ரிக் ஆக்சைடு கலப்படமாக இருந்தால் படத்தின் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு விழும். கலவையில் கொஞ்சம் ஆக்சிஜன் சேர்த்து ஓரிரவு விட்டுவிட்டால் அது டைஆக்சைடாக மாறிவிடும். செறிவைக் கூட்டினால் சைகை கூடும் என்று நினைத்து அழுத்தத்தை ஏற்றாதீர்கள். இரண்டு மூலக்கூறுகள் ஒட்டி டைநைட்ரஜன் டெட்ராக்சைடு உருவாகிவிடும். ஹீலியத்தில் 1 விழுக்காடு அளவே போதும்.

படமெடுக்கும் மின்வில்லையில் இரண்டாம் தகட்டின் மின்னழுத்தம் முதல் தகட்டின் சுமார் 0.7 மடங்கில் இருக்கும்போது குவியம் கிடைக்கும். சரியான விகிதத்தை வளையம் மிக ஒல்லியாகும் இடத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். படத்தின் பிக்சல் அளவிலிருந்து துண்டின் வேகத்தைக் கணக்கிட, தெரிந்த ஒரு வினையின் வளையம் வேண்டும். ஆக்சிஜன் மூலக்கூறை 225.6 நானோமீட்டரில் ஒரே ஃபோட்டானால் உடைத்தால் அணுவின் வேகம் சுமார் 1510 மீட்டர் வர வேண்டும். பிணைப்பு ஆற்றல் 41,269 செ.மீ⁻¹ என்று வைத்து நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

வளையத்தின் பிரகாசம் எல்லாத் திசையிலும் ஒன்றாக இருக்காது. லேசரின் முனைவுத் திசையில் பிரகாசமா, குறுக்கே பிரகாசமா என்பதைப் பீட்டா என்ற எண் சொல்லும்: +2 முதல் −1 வரை. மூலக்கூறு சுழன்று திரும்புவதற்குள் உடைந்தால் பீட்டா எல்லைகளை நெருங்கும். மெதுவாக உடைந்தால் சுழியை நோக்கிப் போகும். நானோ வினாடி லேசரை வைத்தே பிக்கோ வினாடி வேகத்தைப் பற்றி ஒரு துப்புக் கிடைக்கிறது, இந்த முறையின் அழகே இதுதான்.

லேசர் தூண்டிய ஒளிர்வு இதைவிட எளிது. வெற்றிடக்கலனில் ஒரு ஃபோட்டோமல்டிபிளையர் போதும். சிதறும் லேசர் ஒளியே அதன் பெரிய எதிரி. ஹைட்ராக்சில் ராடிக்கலை 282 நானோமீட்டரில் தூண்டி 308-ஐச் சுற்றி ஒளிர்வைப் பிடிப்பது இதற்காகத்தான், வடிப்பான் வைத்துச் சிதறலை வெட்டிவிடலாம். மூலக்கூறு ஒளிராவிட்டால் குழித் தேய்வு (cavity ring-down) முறையில் உறிஞ்சலை அளக்கலாம். இரண்டு ஆடிகளுக்கு இடையே ஒளியைச் சிறைவைத்து அது தேயும் நேரத்தைப் பார்ப்பது அந்த முறை. 1 மீட்டர் குழி, 99.99 விழுக்காடு எதிரொளிப்பு என்றால் தேய்வு நேரம் 33 மைக்ரோ வினாடி, ஒளி நடந்த தூரம் 10 கிலோமீட்டர். லேசரின் அகலம் உறிஞ்சல் கோட்டைவிடப் பெரிதானால் தேய்வு ஒற்றை அடுக்குக்குறியாக இருக்காது. மடக்கை வரைபடம் வளைகிறதா என்று பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும்.

ஃபெம்டோ வினாடி: சுழி எங்கே இருக்கிறது

நாரிஷும் போர்ட்டரும் 1949-இல் மின்னல் விளக்குகளை வைத்துத் தொடங்கிய வேலையை, அகமது ஜெவைல் 1980-களின் பிற்பகுதியில் ஃபெம்டோ வினாடிக்குக் கொண்டுபோனார். 1999-இல் நோபல் கிடைத்தது. வட்டமிட்டு வைத்த 6.9 ஆங்ஸ்ட்ராமை இப்போது எடுங்கள். சோடியம் அயோடைடைப் புற ஊதாத் துடிப்பால் தூண்டினால், பங்கீட்டுப் பரப்பும் அயனிப் பரப்பும் குறுக்கிடும் அந்தத் தொலைவில் அலைப்பொதி முட்டித் திரும்பும். சுமார் 1.25 பிக்கோ வினாடிக்கு ஒருமுறை போய் வரும். ஒவ்வொரு முறையும் ஒரு சிறு பங்கு தப்பித்துத் தனிச் சோடியம் அணுவாகப் போகும். தனிச் சோடியத்தைப் பார்த்தால் சைகை படிப்படியாக ஏறும். பிணைந்த நிலையைப் பார்த்தால் அலைபோல் ஏறி இறங்கும். நீங்கள் எழுதிய அலைப்பொதி நிரலில் இரண்டு வளைவும் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் இரண்டு பரப்புகளுக்கு இடையிலான பிணைப்பு எண்ணைத் தவறாகப் போட்டிருப்பீர்கள்.

சோதனையில் பம்ப் துடிப்பு மூலக்கூறைத் தூண்டும், புரோப் துடிப்பு சற்றுப் பிந்தி வந்து அது என்ன ஆனது என்று பார்க்கும். இடையிலான தாமதத்தை நகரும் ஆடி தருகிறது. ஒளி போய் வருவதால் ஆடி 1 மைக்ரோமீட்டர் நகர்ந்தால் 6.67 ஃபெம்டோ வினாடி; 15 செ.மீ நகர்ந்தால் 1 நானோ வினாடி. கடினமான வேலை சுழி நேரத்தை, அதாவது இரண்டு துடிப்புகளும் ஒரே கணத்தில் வந்து சேரும் ஆடியின் இடத்தை, கண்டுபிடிப்பது. முதலில் இரண்டு கற்றைகளின் பாதை நீளத்தையும் நூல் பிடித்து ஒரு செ.மீ-க்குள் கொண்டு வாருங்கள். வேக ஃபோட்டோடையோடில் பார்த்து 100 பிக்கோ வினாடிக்குள் இழுங்கள். கடைசியாக, இரண்டு ஒளிகளின் அதிர்வெண்ணையும் கூட்டித் தரும் பிபிஓ (BBO) படிகத்தில் கூட்டு அதிர்வெண் ஒளி தோன்றும் இடத்தைத் தேடுங்கள். சுழி கிடைத்தபின் ஒரு கற்றையில் 1 மி.மீ கண்ணாடி வடிப்பான் வைத்தால் சுழி சுமார் 1.5 பிக்கோ வினாடி நகர்ந்துவிடும். “நேற்று இருந்த சைகை இன்று காணோம்” என்ற புலம்பலில் பாதி இதனால்தான்.

கண்ணாடி துடிப்பை நீட்டவும் செய்யும். 800 நானோமீட்டரில் உருக்கிய சிலிகாவின் நிறப்பிரிகை ஒரு மி.மீ-க்கு 36 சதுர ஃபெம்டோ வினாடி. 10 மி.மீ சாளரத்தின் வழியே போகும் 100 ஃபெம்டோ வினாடித் துடிப்பு ஏறத்தாழ அப்படியே வெளிவரும். 30 ஃபெம்டோ வினாடித் துடிப்பு 45 ஆகிவிடும். குறுகிய துடிப்புக்குத்தான் கண்ணாடி பெரிய எதிரி. அங்கே வில்லைக்குப் பதில் வளைந்த ஆடியைப் பயன்படுத்துங்கள். பம்ப், புரோப் கற்றைகளின் முனைவுத் திசைகளுக்கு இடையே 54.7 பாகை வையுங்கள். இல்லாவிட்டால் மூலக்கூறு சுழல்வதை வினை நடப்பதாக எண்ணிக்கொள்வீர்கள். கருவியின் துலங்கு நேரம் 150 ஃபெம்டோ வினாடி என்றால், அதோடு மடித்துப் (convolution) பொருத்தாமல் “ஆயுள் 40 ஃபெம்டோ வினாடி” என்று அறிக்கை எழுதக் கூடாது.

ஆய்வகத்தில் முதல் வேக மாறிலி

ஹைட்ராக்சில் ராடிக்கலும் புரோப்பேனும் நல்ல தொடக்கம். ஹைட்ரஜன் பெராக்சைடை 248 நானோமீட்டரில் உடைத்து ராடிக்கல் தயாரிக்கலாம். அதன் உறிஞ்சல் குறுக்குவெட்டு அங்கே சுமார் 9 × 10⁻²⁰ சதுர செ.மீ. சதுர செ.மீ-க்கு 10 மில்லிஜூல் கொடுத்தால் ஆயிரத்தில் ஒரு மூலக்கூறுதான் உடையும். பெராக்சைடு 10¹⁴ இருந்தால் ராடிக்கல் 2 × 10¹¹ (ஒரு கன செ.மீ-க்கு). இவ்வளவு குறைவாக இருப்பதுதான் நல்லது. ராடிக்கல்கள் ஒன்றோடொன்று மோதி அழியாது. புரோப்பேனை 10¹⁵ முதல் 10¹⁶ வரை ஐந்தாறு அளவுகளில் மாற்றுங்கள். வேக மாறிலி 1.1 × 10⁻¹² என்பதால் உச்ச அளவில் தேய்வு நேரம் 90 மைக்ரோ வினாடி வரும்.

தேய்வு வேகத்தைப் புரோப்பேன் செறிவுக்கு எதிராக வரைந்தால் சாய்வே வேக மாறிலி. கோடு சுழியில் தொடங்காது, தொடங்கவும் கூடாது. பெராக்சைடோடு ராடிக்கல் வினைபுரிவதே வினாடிக்கு 170 அளவு தரும். புரோப் கற்றையை விட்டு விரவிப் போவதும் சேரும். வெட்டுத்துண்டு சில ஆயிரமாக இருந்தால் கசிவையோ பெராக்சைடு அளவையோ சரிபாருங்கள். கோடு வளைந்தால் லேசர் ஆற்றலைப் பாதியாக்கிப் பாருங்கள். சாய்வு மாறினால் இரண்டாம் நிலை வினைகள் நடக்கின்றன என்று பொருள். சாய்வு மாறாமல், ஆனால் அறியப்பட்ட மதிப்பைவிட அதிகமாக வந்தால் புட்டியில் புரோப்பீன் கலந்திருக்கலாம். அது ஹைட்ராக்சிலோடு இருபது மடங்குக்கும் மேலான வேகத்தில் சேரும் என்பதால் 1 விழுக்காடு கலப்படமே 20 விழுக்காட்டுக்கு மேல் பிழை தரும்.

கண் பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக, ஆனால் கண்டிப்பாக: 400 முதல் 1400 நானோமீட்டர் வரை உள்ள ஒளியை விழித்திரையில் குவிப்பது உங்கள் கண்ணே. 1064 கண்ணுக்குத் தெரியாது, அதனால்தான் அது 532-ஐவிட ஆபத்து. 100 மில்லிஜூல், 5 நானோ வினாடித் துடிப்பின் உச்சத் திறன் 20 மெகாவாட். பாதுகாப்புக் கண்ணாடியில் அச்சிட்ட அலைநீளத்தையும் ஒளி அடர்த்தியையும் படித்துவிட்டே போடுங்கள். 532-க்கான கண்ணாடி 355-ஐத் தடுக்கும் என்று நினைக்காதீர்கள். மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றுங்கள். கற்றை ஓடும் உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுபோகாதீர்கள். கீழே விழுந்த திருகாணியை எடுக்கக் குனிவதற்கு முன் ஷட்டரை மூடுங்கள். சீரமைப்பு எல்லாம் குறைந்த ஆற்றலில்.

ஆய்வுக் கட்டுரையை வாசிப்பது

முதலில் முடிவுகளை மூடிவைத்துவிட்டு, எந்த மூலக்கூறு, எந்த அலைநீளம் என்பதை மட்டும் எடுங்கள். மீதி ஆற்றலைக் கணக்கிட்டு, துண்டுகளின் உச்ச வேகத்தையும் எத்தனை அதிர்வு மட்டங்கள் திறந்திருக்கின்றன என்பதையும் எழுதுங்கள். பிறகு படத்தைத் திறந்து பாருங்கள். உங்கள் உச்ச வேகத்துக்கு உள்ளே வளையம் இருந்தால் ஆற்றல் எங்கோ உள்ளே தங்கியிருக்கிறது. எந்த மட்டம் என்று தேடுங்கள். வெளியே இருந்தால் இரண்டு ஃபோட்டான் உறிஞ்சலையோ புரோப் லேசரே மூலக்கூறை உடைத்ததையோ சந்தேகியுங்கள். கட்டுரையாளர்கள் லேசர் ஆற்றலை மாற்றிச் சோதித்தார்களா என்பதைச் செய்முறைப் பகுதியில் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் அந்த ஒரு வாக்கியம் இணைப்புக் கோப்பில் ஒளிந்திருக்கும்.